கிளியனூர் வீட்டு வாசல் பல்பு

வீட்டுக்குள்ள ராத்திரி சீன் எடுக்கணும்னு யாராவது சொன்னா, நீங்க எல்லாரும் மொதல்ல நீல வெளிச்சத்தைத் தேடுறீங்க. நான் பாத்துக்கினுதான் இருக்கேன். எங்க காலத்துல அதுக்குக் கலர் காகிதம் ஒட்டணும். இப்ப எல்இடி பேனல் பின்னாடி ஒரு திருகு திருகினா வந்துடுது. ஜன்னல் வழியா நீலம், மூஞ்சியில பாதி இருட்டு, கொஞ்சம் சாம்பிராணிப் புகை. அவ்வளவுதான், மூடு வந்துடுச்சுன்னு கை தட்டிக்கிறீங்க.

வேணாம்னு சொல்ல வரல. ஒரு சீனைப் பத்திச் சொல்றேன், கேட்டுட்டு அப்புறம் திருகுங்க.

என்னைத் தெரியாதவங்களுக்காக ரெண்டு வார்த்தை. விழுப்புரத்துல எங்க வீட்டுக்காரரு ஸ்டுடியோ வெச்சிருந்தாரு. கல்யாண வீடியோவுக்கு லைட்டு புடிக்கிற ஆளு ஒரு நாள் வராம டபாய்ச்சிட்டான். பேஜாரா போச்சேன்னு நான் போய் நின்னேன். அன்னிக்குத் தொட்டது, ரெண்டு முழங்காலும் போற வரைக்கும் வுடல. பொம்பள லைட்டு புடிக்கிறாளேன்னு மண்டபத்துல சிரிச்சாங்க. பொண்ணுக்கு அலங்காரம் பண்ற ரூமுக்குள்ள என்னை மட்டுந்தான் வுடுவாங்கன்னு தெரிஞ்சதும் சிரிப்பு நின்னுபோச்சு. அப்புறம் குறும்படம் எடுக்கிற பசங்க தேடிக்கினு வர ஆரம்பிச்சாங்க. விழுப்புரம், திண்டிவனம் ரெண்டு ஊர்லயும் லைட்டம்மான்னு சொன்னா வீட்டைக் காட்டுவாங்க. பெருமைக்குச் சொல்லல. இல்ல, பெருமைக்குத்தான் சொல்றேன்.

எனக்குத் தொழில் காட்டினவரு ஒரு கோவக்காரரு. பேரு வேணாம், சொன்னா அவருக்குப் புடிக்காது. எந்த வீட்டுக்குள்ள நுழைஞ்சாலும் எரியுற லைட்டு எல்லாத்தையும் மொதல்ல நிறுத்திடுவாரு. "அடுத்தவன் போட்ட வெளிச்சத்துல நீ வேலை பண்ணாத. கொஞ்ச நேரம் இருட்டுல குந்து. அப்புறம் உன் லைட்டைப் போடு"ன்னுவாரு. நல்ல பாடம். அதை இன்னிக்கும் நான் மாத்திச் சொல்ல மாட்டேன். ஆனா நிறுத்தறதுக்கு முன்னாடி, அதை யாரு போட்டதுன்னு ஒரு வார்த்தை கேக்கணும். அதை அவரு சொல்லல. நான் கிளியனூர்ல தெரிஞ்சுக்கினேன்.

படம் எடுத்தது ரேவதி. திண்டிவனத்துல ஒரு பள்ளிக்கூடத்துல டீச்சரு. லீவு நாள்ல படம் எடுக்கிற பைத்தியம். கதையைக் குடுத்தப்பவே சொல்லிட்டா.

"லைட்டம்மா, இது எங்க அக்கா கதை. மாமா ஒரு நாள் சாயங்காலம் திண்டிவனம் போனாரு. மோட்டாருக்குக் காயில் கட்டக் குடுத்திருந்தாங்க, அதை வாங்கிக்கினு வர்றேன்னு போனவரு. கடைக்கும் போகல, வீட்டுக்கும் வரல. ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்தோம், ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா தேடினோம். வருஷக்கணக்கா ஆயிடுச்சு. அவ ராத்திரியில தூங்கறதே இல்ல."

"அக்காவுக்குத் தெரியுமா, நீ இதை எடுக்கிறது?"

"ஒரு பொம்பள காத்துக்கினு இருக்கிற கதைன்னு சொல்லியிருக்கேன். வீடு அவ வீடுதான். முடிவு மட்டும் சொல்லல."

முடிவை நான் படிச்சிருந்தேன். அந்தப் பொம்பள ராத்திரியில எழுந்து வெளிய போய், வாசல் பல்பை நிறுத்திட்டு வந்து படுத்துத் தூங்குறா. அவ்வளவுதான் சீன், பேச்சே இல்ல. நம்ம பக்கம் ஒரு ஆளு வெளிய போயிருந்தா, வந்து சேர்ற வரைக்கும் வாசல் பல்பை நிறுத்த மாட்டோம் இல்லையா, அதை வெச்சு அழகா எழுதியிருக்குது பொண்ணுன்னு நெனைச்சேன். எதிர்ல நின்னு அக்காகிட்ட சொல்ல முடியாததைப் படமா எடுத்துச் சொல்லப் பாக்குறான்னும் புரிஞ்சுது. அக்கா எப்படி எடுத்துக்குவாளோ, அதுதான் தெரியல.

எடுக்கிறது பகல்லதான். ஜன்னலை எல்லாம் கறுப்புத் துணியால அடைச்சுட்டா உள்ள ராத்திரி ஆயிடும். நடிக்க வந்த பொண்ணு ஜெயா, விழுப்புரம் ஆஸ்பத்திரியில நர்சு. அன்னிக்கு ஒரு பகல்தான் அவளுக்கு லீவு, ராத்திரி டூட்டிக்குத் திரும்பணும். அதை வுட்டா அறுவடை முடிஞ்சு அக்கா வீட்டுல மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, மூட்டை மூட்டையா அடுக்கிடுவாங்க, உள்ள கால் வைக்க எடம் இருக்காது. ஆக அன்னிக்கு ஒரே நாள்.

காலையில கிளியனூர்ல அக்கா வீட்டுல போய் எறங்கினோம். ரேவதி ஜெயாவைக் கூட்டிக்கினு வர திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிட்டா. அக்கா சாந்தி சாவியைக் குடுத்துட்டுக் கொல்லைக்காட்டுக்கு மல்லாட்டை புடுங்கப் போயிடுச்சு. கேமரா கார்த்தி, விழுப்புரத்துப் பையன், நல்ல கை, கொஞ்சம் அவசரம். வேலை ஜல்தியா நடந்துது. ஃப்ரிட்ஜ் சத்தம் வருதுன்னு சவுண்டு தம்பி சொன்னாரு. நம்ம லைட்டுக்கு ஜெனரேட்டர் இருக்குதேன்னு வீட்டு மெயினை எறக்கச் சொன்னேன். முன்வாசல்ல தார்ப்பாய் கட்டி இருட்டாக்கினோம். நடு ரூம்ல ஒரு பீரோ, கதவுல ஆள் உயரக் கண்ணாடியோட, நிக்கக் கூடாத எடத்துல குறுக்க நின்னுக்கினு இருந்துது. லைட்டு ஸ்டாண்டு எல்லாம் அதுல தெரியுதுன்னு கார்த்தி அதை ஓரமா தள்ளிட்டான். ஜன்னல் வழியா நீலம் வுட்டோம். மானிட்டர்ல பாத்தா பிரமாதம். நானே தலையாட்டினேன்.

மத்தியானத்துக்கு முன்னாடி சாந்தி வந்துடுச்சு. கையில மண்ணோட, தலையில துண்டோட, வாசப்படியிலேயே நின்னுடுச்சு. அண்ணாந்து தார்ப்பாய்க்குள்ள பாத்துது. அப்புறம் உள்ள வந்து பீரோவைப் பாத்துது.

"யாரு லைட்டை நிறுத்துனது?"

சத்தமே போடல. அதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. கத்தியிருந்தா நானும் ரெண்டு வார்த்தை பேசிச் சமாளிச்சிருப்பேன்.

"அக்கா, எந்த வீட்டுக்குப் போனாலும் எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டுத்தான் ஆரம்பிப்போம்"னு கார்த்தி சொன்னான். சொல்லி முடிக்கிறதுக்குள்ள ரேவதி ஜெயாவோட உள்ள வந்தா. அக்கா மூஞ்சியைப் பாத்தா, வாசலைப் பாத்தா, அப்படியே சொவுத்துல சாஞ்சுட்டா.

"பல்பையா நிறுத்தினீங்க?"ன்னா. "மாமா போட்டுட்டுப் போன பல்பு."

அப்பத்தான் மொத்தமும் தெரிஞ்சுது. அந்த மனுஷன் அன்னிக்கு வெளக்கு வைக்கிற நேரத்துல தன் கையால வாசல் சுவிட்சைப் போட்டுட்டுத்தான் கெளம்பியிருக்காரு. அதுலேர்ந்து ராத்திரி பகலா அது எரிஞ்சுக்கினே இருக்குது. பல்பு ஃபீஸ் போனா சாந்தி புதுசு மாட்டும், சுவிட்சை மட்டும் தொடாது. வெயில்ல எரியுற பல்பு யாரு கண்ணுக்குத் தெரியுது? எங்க யாருக்கும் தெரியல. கதைக்காக எழுதினதுன்னு நான் நெனைச்சுது, தலைக்கு மேலேயே எரிஞ்சுக்கினு இருந்திருக்குது.

சவுண்டு தம்பி பதறிப்போய் மெயினைத் தூக்க ஓடினாரு. "இப்பவே போட்டுடறேன்க்கா"ன்னாரு.

"யாரும் எதையும் தொடாதீங்க. நில்லுங்க"ன்னேன்.

இந்த எடத்தைக் கவனிங்க பசங்களா. தப்பு நடந்துட்டா நம்ம கை சும்மா இருக்காது. உடனே பழையபடி ஆக்கிடணும்னு பறக்கும். என்ன நடந்துதுன்னே தெரியாம ஒண்ணைப் போட்டு ஒண்ணை எடுத்தோம்னா, அந்தப் பொம்பளைக்கு அப்புறம் எது அவரு போட்டது, எது நாம போட்டதுன்னே தெரியாம போயிருக்கும்.

நான் டார்ச்சை எடுத்துக்கினு வாசலுக்குப் போனேன். கதவு பக்கத்துல சுவிட்சு போர்டு. மூணு சுவிட்சு. அதுல ஒண்ணு மேல இன்சுலேஷன் டேப்பு, குறுக்கால ஒட்டி, ஓரமெல்லாம் அழுக்கேறி, பிரியாம இருந்துது. எனக்கு உசுரு வந்துது.

"சாந்தி, இங்க வாம்மா. வந்து நீயே பாரு."

வந்துது. டார்ச்சை அடிச்சுக் காட்டினேன்.

"டேப்பை யாரும் பிரிக்கல. சுவிட்சு போட்டது போட்டபடியே இருக்குது. நாங்க பின்னாடி மெயினைத்தான் எறக்கினோம். கரண்டு போனா எப்படி நிக்குமோ அப்படித்தான் நின்னுருக்குது. இந்த ஊர்ல கரண்டு போறதே இல்லையா?"

விரலால டேப்பைத் தடவிப் பாத்துது. ரெண்டு தடவை தடவுச்சு. "மழை காத்துன்னா நாள் முழுக்கப் போவும்"னுது. "அப்பல்லாம் ஒண்ணும் தோணாது. தானா வந்துடும்."

"இதுவும் தானா வந்துடும். மெயினை நீயே தூக்கு. இப்ப வேணும்னா இப்பவே. நாங்க மூட்டை கட்டிக்கினு போறோம், ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

மனசாரத்தான் சொன்னேன். கார்த்தி என்னை மொறைச்சான். ரேவதிக்குக் கண்ணு ரொம்பிடுச்சு. அந்த ஒரு நாளுக்காக அவ எத்தினி பேரு கால்ல விழுந்தாளோ.

சாந்தி மெயின் பக்கம் போகல. தங்கச்சி பக்கம் திரும்புச்சு.

"உன் படத்துல இந்த லைட்டு வருதா?"

ரேவதி என்னைப் பாத்தா. அது அவ சொல்ல வேண்டியது.

"வருதுக்கா. கடைசியில அவ அதை நிறுத்திடறா."

"இதை என்கிட்ட வாயால சொல்ல முடியலைன்னு படம் எடுத்துக் காட்டுறியா?"

"வாயால சொன்னா நீ எழுந்து போயிடறக்கா. அம்மா சொன்னப்பவும் போயிட்ட. நீ தூங்கணும்க்கா. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

சாந்தி திரும்பி அந்த டேப்பு ஒட்டின சுவிட்சைப் பாத்துது. அப்புறம் சாந்தி கேட்டுது.

"நிறுத்திட்டு இன்னா பண்றா?"

"தூங்குறா."

"தூக்கம் வருதா அவளுக்கு?"

"தெரியலக்கா. எடுத்தாத்தான் தெரியும்."

சாந்தி துண்டை அவுத்து மூஞ்சியைத் தொடைச்சுது. "எடு. எடுத்துட்டு எனக்குக் காட்டு"ன்னுது.

கார்த்தி உடனே கேமராகிட்ட ஓடினான். நான் வுடல. அந்த நீல வெளிச்சத்தைப் பாக்கவே எனக்குக் கூச்சமா இருந்துது. யாரோ முழுச்சுக்கினு இருக்கிற வீட்டுல, எந்த வெளிச்சத்துல முழுச்சுக்கினு இருக்காங்கன்னு கேக்காம, நாங்க பாட்டுக்கு ஒரு நெலாவைக் கொண்டாந்து மாட்டியிருக்கோம்.

"சாந்தி, ராத்திரியில எங்கம்மா படுப்ப?"

நடு ரூம்ல ஒரு எடத்தைக் காட்டுச்சு. பாய் போடச் சொன்னேன். முழங்காலைத் திட்டிக்கினே அதுல படுத்தேன். பசங்க சிரிச்சாங்க, சிரிக்கட்டும். எனக்கு ஜன்னல் மட்டுந்தான் தெரிஞ்சுது, அதுல கம்பியும் தார்ப்பாயும்.

"பீரோ எங்க இருந்துதோ அங்கேயே வைங்கடா."

குறுக்க நின்னுக்கினு இருந்துதுன்னு சொன்னேனே, அந்த எடத்துக்கே திரும்ப வெச்சாங்க. தார்ப்பாயை ஒரு பக்கம் தூக்கச் சொன்னேன். படுத்த எடத்துலேர்ந்து பீரோ கண்ணாடியில வாசல் தெரிஞ்சுது. வாசல், பல்பு இருக்கிற எடம், அதுக்கு அந்தப் பக்கம் கேட்டு. தலையைத் தூக்கவே வேணாம். ராத்திரி முழுக்கப் படுத்த மேனிக்குக் கேட்டைப் பாத்துக்கினே இருக்கலாம். அதுக்குத்தான் அந்தப் பீரோ அங்க நின்னுருக்குது.

லைட்டு புடிக்க ஆரம்பிச்சதுலேர்ந்து எவ்வளவோ பாத்திருக்கேன், படுத்துக்கினு அழுதது அன்னிக்குத்தான்.

எழுந்து நீலத்தை நிறுத்தினேன். "எல்லா லைட்டையும் எடுங்க, தார்ப்பாயை எறக்குங்க. வெளிய ஒரே ஒரு குண்டு பல்பு, மஞ்சளா. அது ஜன்னல் கம்பி வழியா உள்ள வரட்டும், கண்ணாடியில பட்டு ஜெயா மூஞ்சிக்கு வரட்டும். வேற ஒண்ணும் கெடையாது."

"லைட்டம்மா, ராத்திரின்னு யாரு நம்புவாங்க? எல்லாம் மஞ்சளா கெடக்கும்"னான் கார்த்தி.

"முழுச்சுக்கினு இருக்கிறவளைப் பாத்தா ராத்திரின்னு நம்புவாங்கடா."

வீட்டுப் பல்புக்குப் பக்கத்துல எங்க பல்பைத் தனி வயர்ல தொங்க வுட்டேன். ஜெயா நிறுத்தறதுக்குத் தனி சுவிட்சு ஒண்ணைச் சொவுத்துல ஒட்டினேன். டேப்பு ஒட்டின சுவிட்சுகிட்ட யாராவது கையைக் கொண்டு போனா கையை ஒடிச்சுடுவேன்னு சொல்லி வெச்சேன்.

எடுத்துப் பாத்தோம். ஜெயா படுத்திருக்கா, கண்ணாடியில வாசலைப் பாக்குறா, மூஞ்சியில கண்ணாடி வெளிச்சம். எழுந்து போறா. பல்பு நிக்குது. திரும்பி வந்து படுக்கிறா. ஆனா திரையில ஒண்ணுமே இல்ல, கும்மிருட்டு. தூங்குறாளா செத்துட்டாளான்னே தெரியல.

"பாத்தீங்களா லைட்டம்மா"ன்னான் கார்த்தி. "மூஞ்சிக்குக் கொஞ்சமாவது லைட்டு வேணும்."

அவன் சொன்னதும் சரிதான். சும்மா இருட்டுல கொண்டு போய் வுட்டா, லைட்டை நிறுத்தினதுக்கு அவளுக்குக் கெடைச்ச கூலி இருட்டுதான்னு ஆயிடும். சாந்தி வேற மானிட்டர் பக்கத்துல நின்னு பாத்துக்கினு இருக்குது. ரேவதி சொல்ல வந்தது அது இல்ல. நான் கொஞ்ச நேரம் யோசிச்சேன். அப்புறம் கார்த்தியோட நீல பேனலையே எடுத்துக் கொல்லைப் பக்கத்து ஜன்னலுக்கு வெளிய வெச்சேன். ரொம்பக் கம்மியா, இருக்குதா இல்லையான்னு தெரியாத அளவுக்கு. ஆரம்பத்துலேர்ந்தே எரியட்டும்னு வுட்டேன். மஞ்சப் பல்பு எரியுற வரைக்கும் அது கண்ணுக்கே தெரியாது. பல்பு நின்னதும் மொதல்ல இருட்டு. அப்புறம் பாயோட ஓரம், தலையணை, ஜெயாவோட நெத்தின்னு ஒவ்வொண்ணா தெரிய வரும். உன் நீலத்தை நான் தூக்கிப் போடலடா, அதுக்குரிய எடத்துல வெச்சிருக்கேன்னு கார்த்திகிட்ட சொன்னேன். வாயெல்லாம் பல்லு அவனுக்கு.

மறுபடி எடுத்தோம். ஜெயா வந்து படுத்தா. கண்ணாடிப் பக்கம் ஒரு தடவை பாத்தா. அங்க ஒண்ணும் இல்ல. மெதுவா அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணை மூடினா. ரேவதி கட் சொல்லவே மறந்துட்டா. நான் மானிட்டரைப் பாக்கல, சாந்தியைத்தான் பாத்துக்கினு இருந்தேன். மண்ணு ஒட்டின கையை மடியில வெச்சுக்கினு, அசையாம உக்காந்திருந்துது.

ஜெயாவை பஸ் ஏத்தி வுட்டாச்சு. துணி, தார்ப்பாய் எல்லாம் அவுத்தாச்சு. வெளக்கு வைக்கிற நேரம் ஆயிடுச்சு. சாந்தி பின்னாடி போய் மெயினைத் தூக்குச்சு. வாசல் பல்பு தானா எரிஞ்சுது. நாங்க எல்லாரும் அதைப் பாத்துக்கினு மடையனுங்க மாதிரி நின்னோம்.

ரேவதி அக்கா கையைப் புடிச்சா. சாந்தி சிரிச்ச மாதிரிதான் இருந்துது. "அது எரியட்டும்டி. படத்துல அவ நிறுத்திட்டா இல்ல, போதும்."

ரேவதி மூஞ்சி தொங்கிப் போச்சு. வண்டியில ஏறப் போனப்ப சாந்தி என்கிட்ட வந்துது.

"எம்மா, பல்பை நிறுத்தினப்புறம் மெதுவா ஒரு வெளிச்சம் வந்துதே. அது நெசமாவே வருமா, இல்ல நீங்க சினிமாவுக்குப் பண்ணதா?"

"நான் பண்ணதுதாம்மா. ஆனா நெலா இருக்கிற நாள்ல நெசமாவும் வரும். கொல்லைப் பக்கத்து ஜன்னலைத் தொறந்து வுடணும்."

"அப்படியா. நான் பாத்ததே இல்ல. பல்பு எரியுதே."

இதைச் சொல்லிட்டு அது பாட்டுக்கு மல்லாட்டையைத் தார்ப்பாய்ல கொட்டப் போயிடுச்சு.

படத்தை விழுப்புரத்துல ஒரு காலேஜ்ல போட்டாங்க. நல்லா இருக்குதுன்னாங்க, லைட்டு பிரமாதம்னாங்க, கார்த்திக்கு வேற வேலையெல்லாம் வந்துது. அது இருக்கட்டும். அறுவடையெல்லாம் முடிஞ்சு ஒரு நாள் காலையில ரேவதி போன் பண்ணா.

"லைட்டம்மா, அக்கா உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னா. இப்பவே சொல்லணுமாம். கொல்லைப் பக்கத்து ஜன்னல்ல வர்ற வெளிச்சம் நீலமா இல்லையாம். வெள்ளையாத்தான் இருக்குதாம்."

சொல்லிட்டு அவ அழுதா. நானுந்தான்.

அதனால சொல்றேன், பேனலைத் திருகுங்க, வேணாங்கல. ஆனா நீலத்தைக் கொஞ்சம் கொறைச்சுக்கோங்க. நெலா வெளிச்சம் வெள்ளையாத்தான் இருக்கும். பாத்தவ சொல்லியிருக்கா.